அளவுப் புத்தகம், பக்கம் 41

கவுஞ்சிக்கு மேலே, வேலப்பன் காட்டில்,
குட்டையை எனக்காகக் காலி செய்து வைத்திருந்தார்கள்.
கறுப்புத் தார்ப்பாயின் மேல் ஒரு தவளை,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

டேப்பின் மறுமுனை லூர்து கையில்.
"இருபது, மேடம்."
அகலத்துக்குச் சுற்றி வந்து, "பத்து."
ஆழத்துக்கு மூங்கில் கழியை இறக்கினோம்.
மூன்று மீட்டர், இரண்டு விரல் கூட.
விரல்களை விட்டுவிட்டேன்.

காசிமாயன் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.
"நீளம், அகலம், ஆழம். பெருக்குனா அறுநூறு.
போர்டுலயும் அறுநூறு கன மீட்டர்னுதான் இருக்கு பாருங்க,
மஞ்சப் பெயின்ட்ல."

அந்தப் பெருக்கல் எனக்கும் பிடிக்கும்.
தீப்பெட்டி, செங்கல், வகுப்பறை,
விடுதிகளில் விருந்தாளிகள் குதிக்கும் நீலக் குளம்:
எந்த மூலையிலும் எதுவும் ஒளிந்திருக்காது.
ஆனால் மலைமண் செங்குத்தாக நிற்காது.
நிறுத்தினால் முதல் ஐப்பசி மழைக்கே உட்கார்ந்துவிடும்.
ஓர் அடி இறங்க ஓர் அடி உள்ளே வரும்.
அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். அதில் குற்றமில்லை.

அடித்தளத்துக்கு இறங்கினேன், பாதி நடந்தும்
பாதி சறுக்கியும்.
அங்கே பதினாலுக்கு நாலு.

முழங்கைச் சேற்றோடு எழுதிக்கொண்டேன்:
நடுவில் ஒழுங்கான ஒரு பெட்டி, நூற்று அறுபத்தெட்டு.
நீளப் பக்கத்து ஆப்புகள் இரண்டும், நூற்று இருபத்தாறு.
அகலப் பக்கத்தவை, முப்பத்தாறு.
மிச்சம் மூலைகள் நாலு.
எந்த வீட்டிலும் மூலைதான் கடைசியில் கூட்டுவது.
நாலையும் சேர்த்து ஒட்டினால்
தலைகீழாய் ஒரு கோபுரம். அதுவும் முப்பத்தாறு.

முந்நூற்று அறுபத்தாறு.
கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டினேன்.
அப்போதும் அதே.

ஹார்ன் ஒருமுறை அடித்தது, எதிரில் யாருமில்லாமல்.

வேலப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.
"ஒண்ணேகால் ஏக்கர் கேரட்டு, மேடம்.
ரொம்புனா இருபத்தாறு நாள் தாங்கும்னாங்க.
மாசியில பதினாறாம் நாளே தரை தெரிஞ்சிருச்சு.
ராத்திரியில எவனோ மோட்டார் போடுறான்னு நெனச்சேன்.
சொல்லவே கூசுது.
கீழ்க்காட்டு தர்மனோட பேச்சை விட்டு
ஒரு வருசமாச்சு."

ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன்.
பதினைந்து நாள்; அதற்கு மேல்
முழுதாகச் சேராத இன்னொரு நாள்.
கேரட் எனக்கு முன்பே அளந்திருந்தது.

மேகம் இறங்கியது.
இந்த மலையில் அது யாரையும் கேட்பதில்லை.
சரிவு, ஆப்பு, கோபுரம் எதையும் விடாமல்
குட்டையை விளிம்புவரை நிரப்பியது.
மொத்தத்தையும் பிடித்துப் பிழிந்தால்
ஒரு டீ கிளாஸ் தண்ணீர் தேறும்.
அவ்வளவுதான்.
லூர்துவின் குரல் மட்டும் எங்கிருந்தோ:
"டேப்பைச் சுத்தவா, மேடம்?"

"இதை எழுதுனா மானியம் கொறையுமா?"
"குறையும்."
"வாங்குனதை?"
"யார் திருப்பிக் கட்டணும்னு ஆபீஸ்ல சொல்வாங்க."
அவர் ஜீப் இருந்த திசையைப் பார்த்தார்.
ஜீப் தெரியவில்லை.

"அப்ப அந்த மிச்சம்,
இருநூத்தி முப்பத்தி நாலு,
அது எங்கதான் போச்சு?"

"எங்கேயும் போகலை.
வெட்டாத மண்ணா அங்கேயே இருக்கு.
நீங்க அதுமேலதான் நிக்கிறீங்க."

சரிவில் ஊன்றியிருந்த காலை
வேலப்பன் தூக்கிப் பார்த்தார்.
வேறிடம் இல்லாததால்
அங்கேயே வைத்தார்.

தாள் ஈரம். பேனா எழுதவில்லை.
மூன்றாவது கீறலில்
மை வந்தது.